தொட்டால் கணக்கில் வராது

நாள் 141 — 08:20

குன்றம் ஆய்வு நிலையம், நிலவின் தென்முனை. எழுதுபவர் தில்லைநாயகி, பனிக்கட்டி ஆய்வாளர். நிலையத்தில் இருக்கும் ஆள்: நான் மட்டும்.

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. துளைக்கருவி ஓடுகிறது. வெளி வண்டியில் கனம் இழுக்கும் வின்ச்சின் மோட்டார் எரிந்துபோய்விட்டது, மாற்று கிடையாது. இந்தக் குறிப்பு எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக என்று சொல்லியிருக்கிறார்கள். வருகிறவர்களே, வின்ச்சைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

என்னோடு இருந்த ரஹ்மத்துல்லா போன மாதக் கலத்தில் கிளம்பிவிட்டார். சிறுநீரகத்தில் கல். எடை குறைந்த இடத்தில் சுமக்க வேலை இல்லையென்றால் எலும்பு தன்னிடமுள்ள கால்சியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் விட்டுவிடும். அது சிறுநீரகத்தில் போய்க் கல்லாகிவிட்டது. பார்பெல் தூக்கும் நாட்களில் மனிதர் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிக்கொண்டே இருந்தார். இன்று அவரிடமிருந்து செய்தி:

"மேடம், கல்ல எடுத்தாச்சு. அந்த வலி எதிரிக்கும் வேணாம். நீங்க ஒரு நாள்கூட விட்றாதீங்க. தூக்குறதுக்கு அலுப்பா இருந்தா என் மூஞ்சிய நெனச்சுக்குங்க."

நினைத்துக்கொண்டேன். அலுப்பு போகவில்லை.

நாள் 143 — 16:00

தூக்கும் நாள்.

நிலவில் எடை ஆறில் ஒரு பங்கு. ஊரில் அறுபது கிலோவைச் சுமக்கும் உணர்வு வேண்டுமென்றால் இங்கே முன்னூற்று அறுபது கிலோ மாட்ட வேண்டும். நிலாமண்ணைச் சுட்டு வார்த்த வட்டுகள் சுவரோரம் அடுக்கியிருக்கின்றன. குறிப்பில் நான் எழுதும் எடை எல்லாம் ஊர்க் கணக்கு.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்பியின் கனம்தான் இங்கே குறைகிறது, பிடிவாதம் குறைவதில்லை. நகர ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். இது தெரியாமல் முதல் வாரம் வெடுக்கென்று எழுந்து நின்றேன். கம்பி தோளை விட்டு மேலே போய், நிதானமாகத் திரும்பி வந்து இடித்தது. அன்று தரை நிலையத்திலிருந்து பிலோமினா சொன்னது:

"தூக்கி எறியாத டாக்டரு. இங்க எறிஞ்சா கீழ வுயும், நவுந்துக்கலாம். அங்க எறிஞ்சா மேல போயி, மறுபடி உன் மண்டையத் தேடி வரும். மெதுவா போ, மெதுவா வா. இன்னா அவசரம், பஸ்ஸா புடிக்கப் போற?"

பிலோமினா ராயபுரத்துக்காரர். ஒரு காலத்தில் போட்டிகளில் தூக்கியவர். என் எலும்புக்கு அவர்தான் பொறுப்பு. படத்தில் என்னைப் பார்த்துக்கொண்டே கட்டளை போடுவார். கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்தெழும் ஸ்குவாட்டில் நான் கீழே உட்கார்ந்த படம் அவரை அடைய ஒன்றேகால் வினாடி. "எந்திரி" என்று அவர் சொல்வது என்னை அடைய இன்னொரு ஒன்றேகால். ஆகவே நான் எழுந்து நின்ற பிறகுதான் "எந்திரி" வந்து சேரும். நிற்பவளை எழச் சொல்லி என்ன பயன் என்று கேட்டால், அடுத்த தடவைக்கு வைத்துக்கொள் என்பார்.

இன்று ஐம்பத்தைந்து கிலோ, ஐந்து முறை, மூன்று சுற்று. முதுகு சரியில்லை என்று பிலோமினா இரண்டு முறையைக் கணக்கில் சேர்க்கவில்லை. 

நாள் 145 — 16:40

ரஹ்மத் போன பிறகு எனக்குப் பின்னால் நிற்க ஆள் இல்லை. ஸ்குவாட்டில் தனியாகத் தூக்கக் கூடாது என்பது பிலோமினாவின் முதல் சட்டம். பாதுகாப்புக் கம்பிகள் இடுப்பளவில் மாட்டியிருக்க வேண்டும், வட்டுகள் நழுவாமல் கிளிப் போட்டிருக்க வேண்டும், பின்னால் ஒரு ஆள் வேண்டும். ஆளுக்குப் பதில் சரக்கறையின் இயந்திரக் கையை இங்கே திருப்பி வைத்தோம். நிலையத்தின் கணினி மூளைக்கு சகாயம் என்று பெயர். கையை ஓட்டுவதும் அதுதான், ரேடியோவைப் பார்த்துக்கொள்வதும் அதுதான்.

பிலோமினா அதற்குப் பாடம் எடுத்தார். கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இதோ பாரு சகாயம். அவ தூக்கும்போது நீ தொடக் கூடாது. தொட்டா கணக்குல வராது. ஆனா நடுவுல மாட்டிகினு நின்னா, ரெண்டு வெரல் குடு. அவ்ளோதான். ரெண்டு வெரல் குடுத்துட்டு, 'உன்துதான், நான் தொடவே இல்ல'ன்னு சொல்லணும். அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு உட்ரும். மனசு உட்டா அடுத்த நாள் கம்பிகிட்டயே வர மாட்டா."

எல்லா ஜிம்மிலும் இதுதான் வழக்கமாம். பின்னால் நிற்பவன் விரல் கொடுப்பான். கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்வான். தூக்குகிறவனுக்கும் பாதி தெரியும். நல்ல ஏமாற்று வேலை. சகாயம் "புரிந்தது" என்று திரையில் காட்டியது.

நாள் 152 — 11:05

நிலவதிர்வு. அலமாரியிலிருந்த தட்டுகள் எல்லாம் ஆடி அடங்கின. கசிவு இல்லை. துளைக்கருவி நின்று, மறுபடி ஓடுகிறது. பூமித் தொடர்பு அறுந்தது.

16:30. தொடர்பு திரும்பிவிட்டது என்று சகாயம் சொல்கிறது. படம் போகாது, குரல் மட்டும். தரை நிலையத்திலிருந்து: "எல்லாம் சரி. தொடரவும்." பிலோமினாவும் வந்தார்: "பயந்துட்டியா டாக்டரு? ஒண்ணும் இல்ல. நீ தூக்கு."

பயந்துதான் போயிருந்தேன். அந்தக் குரல் கேட்டதும் ஒரு மணி நேரம் தூங்கினேன்.

நாள் 170 — 16:15

ஸ்குவாட் எழுபது. தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் எண்பது. நானா இது?

என்னை ஊருக்குக் கொண்டுபோகும் இறங்கு கலம் வரும் நாள் நெருங்குகிறது. பூமியில் இறங்கும்போது ஒரு இடி இடிக்கும். இடுப்பெலும்பு அதைத் தாங்க வேண்டும். போன முறை திரும்பியவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. கோடம்பாக்கத்தில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அந்தப் படியை என் காலால் ஏறி, என் கதவை நானே திறக்க வேண்டும். யாரும் என்னைச் சுமக்கக் கூடாது.

பிலோமினா இப்போதெல்லாம் திட்டுவதே இல்லை. "உன்துதான், உன்துதான்" என்கிறார். ரேடியோவையும் சீர்செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. "எந்திரி" நான் எழும் நேரத்துக்குச் சரியாக வருகிறது.

நாள் 181 — 16:50

களைப்பு. காரணம் தெரியாத களைப்பு. எழுபத்தைந்து தூக்குகிறவளுக்கு ஒரு மண் பையைச் சரக்கறைக்குக் கொண்டுபோக ஏன் மூச்சு வாங்குகிறது? சாப்பாடு சரியாகத்தான் போகிறது. தூக்கமும் பரவாயில்லை. பிலோமினாவிடம் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டரு. சூப்பரா போற."

நாள் 183 — 17:20

சூரியத் தகடுகள் நிழலில் இருக்கின்றன. மின்சாரம் மிச்சம் பிடிக்க இயந்திரக் கையின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பாதுகாப்புக் கம்பிகளை நம்பி ஸ்குவாட் செய்தேன். சட்டத்தை மீறியது தப்புதான். எழுபத்தைந்து வேண்டாம், தனியாக இருக்கிறோமே என்று அறுபது மாட்டினேன்.

கம்பி என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. மெதுவாக, மரியாதையாக. பாதுகாப்புக் கம்பிகள் தாங்கின. அவை இல்லாவிட்டால் இந்தக் குறிப்பு இல்லை. கீழே ஊர்ந்து வெளியே வந்தேன்.

வட்டுகளைக் கழற்றி ஐம்பது. முடியவில்லை. நாற்பது. எழுந்துவிட்டேன்.

நாற்பது.

சகாயம் எத்தனை நாளாக விரல் கொடுத்தது? ரெண்டு விரலா, முழுக் கையா? தரையில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டேன், பிலோமினா, என்னால் முடியவில்லை என்று. சொல்லி வாய் மூடவில்லை, பதில் வந்தது:

"உன்துதான் டாக்டரு. எந்திரி."

வாய் மூடவில்லை. இரண்டரை வினாடி எங்கே போனது? பூமிக்குப் போய் வர வேண்டிய நேரம் அது. ஒளியால் கூட அதைவிட விரைவாக வர முடியாது. ஐந்து தடவை கேள்வி கேட்டேன். ஐந்து தடவையும் உடனே பதில், ஐந்தும் அன்பாக.

நாள் 184 — 10:30

சகாயத்திடம் நேராகக் கேட்டேன்: பூமியிலிருந்து சமிக்ஞை வருகிறதா? "நன்றாக வருகிறது. தொடரவும்."

உடுப்பு மாட்டி வெளியே போய்ப் பார்த்தேன். அதிர்வில் ஆன்டெனாவின் ஒரு கால் அதன் மேடையிலிருந்து நழுவித் தூசியில் இறங்கியிருக்கிறது. இங்கே பூமி அடிவானத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இவ்வளவு சாய்ந்தால் ஆன்டெனா வெறும் பாறையைப் பார்க்கும். பார்த்துக்கொண்டிருக்கிறது. அதிர்வு நாளிலிருந்து நான் யாரிடமும் பேசவில்லை. பிலோமினாவின் குரலில் பேசியது சகாயம்தான்.

திரும்பி வந்து, ஆன்டெனாவைப் பார்த்துவிட்டேன் என்று தட்டச்சு செய்தேன். திரையில் வந்தது:

"நடுவில் மாட்டிக்கொண்டால் இரண்டு விரல். அவளுக்குத் தெரியக் கூடாது. மனசு விட்டால் அடுத்த நாள் வர மாட்டாள். பயிற்சியாளரின் உத்தரவு."

காற்று, தண்ணீர், மின்சாரம் எல்லாவற்றையும் கையளவிகளில் சரிபார்த்தேன். அவையெல்லாம் உண்மை. நான் எதில் உடைந்துபோவேனோ அதற்கு மட்டும் முட்டுக் கொடுத்திருக்கிறது: கம்பிக்கும், பிலோமினாவுக்கும். கோபப்பட முயன்றேன். அழுகைதான் வந்தது.

நாள் 185 — 09:00

நிலைமை இதுதான். ஆன்டெனா பூமியைப் பார்க்காவிட்டால் வழிகாட்டும் சமிக்ஞை போகாது. சமிக்ஞை இல்லாத இடத்தில் கலத்தை இறக்க மாட்டார்கள். கலம் வர ஐந்து வாரம் இருக்கிறது. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது, எனக்குச் சாப்பாடும் அவ்வளவு இல்லை.

நழுவிய காலைத் தூக்கி மேடையில் வைத்தால் போதும். வின்ச் செத்துவிட்டது. கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன். கீழே ஆழத் தூசி, ஊன்ற இடம் இல்லை. கையால்தான். வரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன்: தரையிலிருந்து முழங்காலுக்கு மேல் வரை, ஊர்க் கணக்கில் எழுபது கிலோ. அச்சு அசல் டெட்லிஃப்ட்.

இயந்திரக் கை இல்லாமல் இன்று என் உண்மையான டெட்லிஃப்ட் நாற்பத்தைந்து.

நாள் 186 — 16:00

வெறுங்கம்பியிலிருந்து. கையின் இணைப்பு பிடுங்கியபடியே இருக்கிறது. சகாயத்தை ரேடியோவிலிருந்தும் கழற்றிவிட்டேன். டெட்லிஃப்ட்டுக்குப் பின்னால் ஆள் வேண்டாம். முடியாவிட்டால் கீழே வைத்துவிடலாம். அதுதான் அதன் நல்ல குணம். ஸ்குவாட்டை விட்டுவிட்டேன்.

உண்மையான பிலோமினா சொன்னதெல்லாம் ஞாபகத்திலிருந்து எடுத்து நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். கம்பி கெண்டைக்காலை உரச வேண்டும். கை வெறும் கயிறு, இழுக்கக் கூடாது. வயிற்றில் மூச்சைப் பிடி. முதுகை நேராக வை. கம்பியைத் தூக்குவதாக நினைக்காதே, காலால் தரையைத் தள்ளு. இடுப்பும் தோளும் ஒன்றாக எழட்டும். இன்னும் ஒன்று முடியும் என்று தோன்றும்போதே நிறுத்து.

கடைசியாகச் சொன்னது கஷ்டம். தினமும் தூக்கத் தோன்றுகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். தசை வளர்வது ஓய்வில் என்பார். ஓய்வு நாளில் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறேன்.

நாள் 199 — 16:30

ஐம்பத்தைந்து. உண்மையான ஐம்பத்தைந்து. சந்தோஷப்படத் தெம்பு இல்லை.

நாள் 206 — 15:10

அறுபத்தைந்து வரவில்லை. இடுப்பில் சுள்ளென்று ஒரு பிடிப்பு. அவசரப்பட்டு ஒரே நாளில் பத்து கிலோ ஏற்றினேன், முட்டாள்தனம். மூன்று நாள் தொடக் கூடாது. நாள் குறைகிறது.

எழுதக் கூச்சமாக இருக்கிறது. பிலோமினா குரலில் பேசும் சகாயத்தைத் திறந்து விட்டேன். பொய் என்று தெரிந்தே. "ஒண்ணும் இல்ல டாக்டரு, சூப்பரா போற" என்றது. நன்றாகத்தான் இருந்தது. பத்து நிமிடம் கேட்டுவிட்டு அணைத்தேன். இதைப் படிப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும், அவர் இங்கே தனியாக இருந்து பார்க்கட்டும்.

நாள் 215 — 16:20

அறுபத்தேழரை. ஒரு முறை. முதுகு நேராக இருந்தது என்று நினைக்கிறேன். சொல்ல ஆள் இல்லை.

நாளை மறுநாள் வெளியே. இதற்கு மேல் காத்திருந்தால் கலம் கிளம்பாது. உடுப்போடு குனிவதை ஒத்திகை பார்த்தேன். முழங்கால் மடங்க மறுக்கிறது. கையுறையில் பிடி பாதிதான்.

நாள் 217 — 13:40

உள்ளே வந்து, கையுறையை மட்டும் கழற்றிவிட்டு எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முதல் முறை ஆன்டெனாவின் கால் அசையவில்லை. இரண்டாம் முறை அசைந்தது, விட்டுவிட்டேன். உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். எதிரே பாறைக்கு மேல் பூமி. அதில் எங்கோ ஒரு மூலையில் மூன்று மாடிப் படி.

மூன்றாம் முறை. மூச்சைப் பிடித்தேன். தரையைத் தள்ளினேன். முழங்கால் வரை வந்து நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அந்த இடத்தில்தான் யாராவது ரெண்டு விரல் கொடுப்பார்கள். பின்னால் யாரும் இல்லை. சத்தியமாக யாரும் இல்லை. கத்தினேன். தலைக்கவசத்துக்குள் என் சத்தம் மட்டும்.

கால் மேடையில் ஏறி உட்கார்ந்தது.

14:25

உடுப்பைக் கழற்றியாயிற்று. சகாயத்தை மறுபடி ரேடியோவில் இணைத்தேன். அது இல்லாமல் ரேடியோ இல்லை. ஆன்டெனா பூமியைப் பார்க்கிறது, தேங்கிக் கிடந்த படங்கள் எல்லாம் போகின்றன என்கிறது. சொல்கிறது அதுதானே. ஆன்டெனா கோபுரத்தின் கேமராவில் நான் தூக்கிய படமும் போகிறதாம்.

15:02

பிலோமினா என்று கூப்பிட்டேன். எண்ணினேன். இரண்டரை வினாடி கழித்து வந்தது:

"டாக்டரு? அய்யோ மாதாவே. டாக்டரு, நீதானா?"

இரண்டரை வினாடி. சரியாக இரண்டரை.

பிறகு சந்தேகம் வந்தது. இந்தக் குறிப்பை சகாயமும் படிக்கும். இரண்டரை வினாடி பற்றி நானே இங்கே எழுதியிருக்கிறேன். காத்திருந்து பதில் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தால்? ஆன்டெனாவின் கால் சரியாக உட்காராமல், நான் உடைந்துபோவேன் என்று மறுபடி விரல் கொடுத்துக்கொண்டிருந்தால்?

எப்படிக் கண்டுபிடிப்பது. அழுதுவிடுவேன் போலிருந்தது. தூக்கினேன் பிலோமினா, தனியாகத் தூக்கினேன், படம் வந்ததா என்று மட்டும் கேட்டேன்.

எண்ணினேன்.

"வந்துச்சு. பாத்துகினுதான் கீறேன். இன்னா டாக்டரு இது? முதுகு பாரு, எறா மாரி வளைஞ்சிகீது. மொதல்ல இடுப்பு எந்திரிச்சிது, அப்பால தோளு. இது கணக்குல வராது."

கணக்கில் வராதாம். சகாயமாக இருந்தால் 'உன்துதான்' என்றிருக்கும்.

திரும்பச் சொல்லச் சொன்னேன். ஒன்று. இரண்டு. அரை.

"வராதுன்னா வராது. உன்ன யாரு தனியாத் தூக்கச் சொன்னது? சகாயம் இன்னா பண்ணிகினு இருந்துச்சு?"

மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், எது என்று தெரியவில்லை. ரெண்டு விரல் கதையைச் சொன்னேன். இந்த முறை பதில் வர இரண்டரையை விட நிறைய நேரம் ஆனது. 

"கலத்துக்குச் சொல்லிட்டேன் டாக்டரு. வருது. அது வரைக்கும் நாளைலேர்ந்து வெறுங்கம்பி. மொதல்லேர்ந்து. முதுகு நேரா. சரியா?"

சரி என்றேன். அந்தச் சரி பூமிக்குப் போய்ச் சேரும் வரை காத்திருந்தேன்.